விகுவேலாவும் கிற்றாரும்: பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய இசைக்கருவியொன்றின் சமூகவியல் பற்றிச் சில குறிப்புகள்

1

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றையே மேற்கொள்வர். மரமும் நரம்பும் காலந்தோறும் எவ்வாறு மாற்றமடைந்தன என அளந்து கூறுவது ஒன்று. மேதைகளின் வரிசையொன்றை நிறுவி அவர்தம் ஆக்கங்களின் சிறப்பை வியந்துரைப்பது மற்றொன்று. இவை பயனற்றவை என நாம் கூறவில்லை. ஆயின் ஒரு கருவி குறிப்பிட்ட காலத்தில் உயர்ந்ததெனப் போற்றப்பட்டது ஏன், பிறிதொரு காலத்தில் கைவிடப்பட்டது ஏன் என்னும் வினாக்களுக்கு இவ்விரு வழிகளும் விடை தரமாட்டா. இரசனை மாறியது எனக் கூறி அமைவதே வழக்கமாகியுள்ளது. யாருடைய இரசனை மாறியது, எக்காரணத்தால் மாறியது என்பன வினவப்படாமலே விடப்படுகின்றன.

இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொள்வது பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வழங்கிய விகுவேலா என்னும் நரம்புக் கருவியாகும். இது லூட் குடும்பத்தைச் சேர்ந்தது. மேனாட்டு இலக்கியங்களைத் தமிழாக்குவோர் லூட் என்பதை யாழ் எனப் பெயர்ப்பதுண்டு. விபுலாநந்த அடிகளின் யாழ் நூலைக் (1947) கற்றோர் இப்பெயர்ப்பின் பொருத்தமின்மையை உணர்வர். யாழ் வில்லினின்றும் வளர்ச்சியுற்றது. அதில் ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய சுரத்தை ஒலிப்பது. லூட் குடும்பத்துக் கருவிகளோ கழுத்துடையன. கழுத்தின் மீது நரம்பை விரலால் அழுத்தி ஒரே நரம்பிற் பல சுரங்களைப் பிறப்பிப்பன. விகுவேலா இடை ஒடுங்கிய உடலையும் பெரும்பாலும் தட்டையான பின்புறத்தையும் கொண்டது. தோற்றத்தில் அது கிற்றாரை ஒத்தது. குடலினால் முறுக்கப்பட்ட நரம்புகள் இவ்விரண்டாக ஆறு இணைகளாய் அதிற் கட்டப்பட்டிருந்தன. சுருதி கூட்டும் முறையில் அது ஐரோப்பா எங்கணும் வழங்கிய லூட்டையே ஒத்திருந்தது.

1536 தொடக்கம் 1576 வரையான நாற்பது ஆண்டுகளில் இக்கருவிக்கென்றே ஏழு நூல்கள் அச்சேறின. லூயிஸ் மிலான் (1536), லூயிஸ் தே நார்வாயெஸ் (1538), அலொன்சோ முதார்ரா (1546), என்றீகெஸ் தே வால்தெர்ராபானோ (1547), தியேகோ பிசதோர் (1552), மிகுவெல் தே ஃபுவென்லானா (1554), எஸ்தெபான் தாசா (1576) என்போர் அவற்றின் ஆசிரியர்கள். தாசாவின் நூலுக்குப் பின்னர் விகுவேலாவுக்கெனத் தனியாக எந்த நூலும் அச்சாகவில்லை. 1611இல் கொவார்ரூபியாஸ் என்னும் அகராதியாசிரியர் தமது கஸ்தீலிய மொழி அகராதியில் விகுவேலா என்னும் சொல்லுக்குப் பொருளெழுதப் புகுந்து, அக்கருவி அருகிவிட்டமை பற்றி இரங்கல் உரைக்கிறார். மூன்று தலைமுறைக் காலத்தினுள் ஒரு கருவி உச்சத்தை எய்தி ஒதுக்கப்பட்டும் விட்டது. இத்துணைக் குறுகிய காலத்தில் நிகழ்ந்த எழுச்சியும் வீழ்ச்சியும் பண்பாட்டிற்கும் சமூக அடித்தளத்திற்குமுள்ள உறவை ஆராய்வோருக்கு அரியதொரு வாய்ப்பை அளிக்கின்றன.

இத்தோற்றப்பாட்டை விளக்குவதற்கு இரு கருத்துகள் பரவலாக முன்வைக்கப்படுவன. ஸ்பானியக் கிறித்தவர் அராபியரை வெறுத்தனர். ஆதலின் அராபியர் வழிவந்த லூட்டை விலக்கி, அதன் இடத்தில் விகுவேலாவைத் தமக்கெனச் சமைத்துக்கொண்டனர் என்பது ஒன்று. விகுவேலா அரசவையின் கருவி, கிற்றார் மக்களின் கருவி; முன்னையது வீழப் பின்னையது வென்றது என்பது மற்றொன்று. முதலாவது கருத்து இனக் குரோதத்தை வரலாற்றின் மூலகாரணமாக்குகிறது. இரண்டாவது, வர்க்க நோக்குப் போலத் தோன்றுவதால் முற்போக்காளரையும் எளிதிற் கவரவல்லது. இரண்டையும் சான்றுகளோடு ஒப்புநோக்குவது அவசியமாகும்.

2

லூட் என்னும் பெயரே அராபிய மொழியினின்றும் பிறந்தது. மரம் எனப் பொருள்படும் சொல்லோடு அராபியச் சுட்டிடைச்சொல் சேர்ந்த அல்-ஊத் என்பதே ஸ்பானிய மொழியில் லாஊத் ஆயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பத்தாம் அல்போன்சோவின் ஆதரவில் தொகுக்கப்பட்ட மரியன்னை பாடற்சுவடியின் ஓவியங்களில் இக்கருவி இடம்பெறுகிறது. பதினாலாம் நூற்றாண்டுக் கவிஞரான ஹுவான் றூயிஸ் தமது காவியத்தில் லூட்டையும், மூர்க் கிற்றார், இலத்தீன் கிற்றார் என இருவகைக் கிற்றார்களையும் வேறுபடுத்திக் குறிப்பிடுகிறார். அராபியப் பண்பாட்டின் செல்வாக்கு ஐபீரியக் குடாநாட்டின் இசையில் ஆழ வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயின் 1492இல் கிரனாடா வீழ்ச்சியுற்ற பின் லூட் விலக்கப்பட்டது என்னும் கூற்றுக்குச் சான்றுகள் இடந்தருவதாயில்லை. செவில் நகரத் தொழில் விதிகள் 1527இல் அச்சிடப்பட்டன. நரம்புக் கருவி செய்யும் கைவினைஞர் தேர்ச்சி பெறுவதற்குச் செய்து காட்டவேண்டிய கருவிகளை அவை வரிசைப்படுத்துகின்றன. அவ்வரிசையில் விகுவேலாவுக்கு முன்னதாகவே லூட் கூறப்படுகிறது. வெறுத்தொதுக்கப்பட்ட ஒரு பண்டத்தைச் செய்யுமாறு தொழிற்குழு தன் உறுப்பினரைப் பணித்திராது. மேலும், பிரான்சிஸ்கன் துறவியான ஹுவான் பெர்முதோ 1555இல் வெளியிட்ட இசைக்கருவி விளக்க நூலில் லூட்டினை ஃபிளாண்டர்ஸ் விகுவேலா என்னும் பெயராற் குறிக்கிறார். ஃபிளாண்டர்ஸ் அன்று ஸ்பானிய முடியின் கீழிருந்த வட ஐரோப்பிய வணிகப் பிரதேசமாகும். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஸ்பானியருக்கு லூட் அராபியரை அன்று, நெதர்லாந்து வணிகத்தையும் அரசியலையுமே நினைவூட்டியது என்பது இப்பெயரால் தெளிவாகும்.

இலக்கியச் சான்றொன்றும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. செர்வாந்தெஸின் டொன் குவிக்சோட் இரண்டாம் பாகத்தில் (1615), கோமகனின் மாளிகையில் விருந்தினனாகத் தங்கியுள்ள நாயகன், இரவில் தன் அறையில் ஒரு லூட்டை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறான். அறைக்குத் திரும்பியபோது அவன் காண்பது ஒரு விகுவேலா. அதைப் பற்றி அவனும் முறையிடவில்லை. ஆசிரியரும் விளக்கங் கூறவில்லை. நாயகன் சுருதி கூட்டிப் பாடத் தொடங்கிவிடுகிறான். இரண்டும் ஒரே சமூகப் பணியை ஆற்றிய கருவிகளாகவே வாசகர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

இதனால் ஸ்பானிய முடியாட்சி இசைத்துறையில் ஒடுக்குமுறையைக் கையாளவில்லை என எவரும் கொள்ளலாகாது. ஒடுக்குமுறை வேறோரிடத்தில் நிகழ்ந்தது. 1567இல் பிரகடனப்படுத்தப்பட்ட அரச ஆணை கிரனாடாவின் மொறிஸ்கோக்களுடைய, அதாவது கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களுடைய, மொழியையும் உடையையும் வழக்கங்களையும் தடைசெய்தது. திருமணங்களிலும் விழாக்களிலும் அவர்கள் ஆடிய சாம்பிரா என்னும் கூட்டு நடனமும் அதில் அடங்கும். முதியவரான பிரான்சிஸ்கோ நூஞெஸ் முலெய் என்னும் மொறிஸ்கோப் பிரமுகர் இவ்வாணைக்கெதிராக விண்ணப்பம் ஒன்றினை எழுதினார். சாம்பிரா மதச் சடங்கன்று, அது பிரதேச வழக்கமே என்றும், கிரனாடாவின் முதற் பேராயர் தேவநற்கருணைப் பவனியில் அதற்கு இடமளித்தார் என்றும் அவர் வாதிட்டார். விண்ணப்பம் பயனளிக்கவில்லை. 1568இல் கிளர்ச்சி வெடித்தது. 1609க்கும் 1614க்கும் இடையில் மொறிஸ்கோக்கள் நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர்.

இங்கு ஒரு முரண்பாட்டை நாம் காணலாம். கிரனாடாவைச் சேர்ந்தவரான நார்வாயெஸ் தமது 1538ஆம் ஆண்டு நூலில், அல்ஹாமா நகரை இழந்து புலம்பும் மூர் மன்னன் பற்றிய கதைப்பாடலை விகுவேலாவுக்கு அமைத்துள்ளார். தோற்ற மன்னனின் துயரம் வென்றோரின் கூடத்தில் இனிய இசையாயிற்று. அம்மன்னனுடைய குடிகளின் வழித்தோன்றல்கள் தம் திருமணத்தில் ஆடுவதோ குற்றமாயிற்று. ஆளும் வர்க்கம் அடக்கப்பட்டோரின் பண்பாட்டினை முற்றாக அழிப்பதில்லை. உயிருள்ள மக்களிடமிருந்து அதனைப் பிரித்தெடுத்துத் தன் அணிகலனாக்கிக் கொள்கிறது. இன வெறுப்பு என்னும் ஒற்றைக் காரணம் இச்சிக்கலான நிகழ்வை விளக்கப் போதாது.

3

இனி இரண்டாவது கருத்தை நோக்குவோம். விகுவேலா அரசவையோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை மறுக்க முடியாது. மிலான் வலென்சியாவின் அரசவைச் சூழலில் வாழ்ந்தவர். கஸ்தில்யோனேயின் அவையோன் பற்றிய இத்தாலிய நூல் (1528) 1534இல் ஸ்பானிய மொழிக்கு வந்தது. அதன் வழியில் மிலானும் 1561இல் அவையோன் என்னும் பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். இசையறிவு அவையோனின் இலக்கணங்களுள் ஒன்று. ஆனால் உழைத்துக் கற்றதன் சுவடு தெரியாதவாறு அவன் இசைத்தல் வேண்டும். உழைப்பை மறைப்பதே மேன்மையின் அடையாளம் என்னும் நிலமானிய வர்க்கத்தின் கருத்துநிலை இதில் வெளிப்படுகிறது. மிலானின் இசைநூலிலுள்ள ஓவியத்தில் ஓர்ஃபியூஸ் விகுவேலாவை மீட்டிக்கொண்டிருக்கிறான். கருவிக்குப் புராணப் பழைமை கற்பிப்பதும் அதே கருத்துநிலையின் ஒரு கூறேயாகும்.

நூல்கள் யாருக்கு அர்ப்பணிக்கப்பட்டன என்பதும் கவனத்திற்குரியது. மிலான் தம் நூலைப் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜொவானுக்குச் சமர்ப்பித்தார். தாம் நூலை எறியும் கடல் இசைக் கடலாகிய போர்த்துக்கல் எனவும் உருவகித்தார். கடல் என்னும் உருவகம் தற்செயலானதன்று. 1543இல் லிஸ்பனில் கோட்டை இராச்சியத்து இளவரசன் தர்மபாலனின் உருவச்சிலைக்கு முடிசூட்டியவன் இதே ஜொவான் மன்னனே என்பதை எமது வாசகர் நினைவுகூர்வர். மிலான் புகழ்ந்த கடலின் மறுகரைகளில் ஒன்று எமது தீவாகும். நார்வாயெஸ் தம் நூலைப் பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸின் செயலாளரான பிரான்சிஸ்கோ தே லொஸ் கொபோஸுக்கு அர்ப்பணித்தார். புதிய உலகிலிருந்து வந்த பொன்னும் வெள்ளியும் உருக்கி முத்திரையிடப்படுவதற்கான பதவியின் வருவாய் கொபோஸுக்கு உரியதாயிருந்தது. அமெரிக்கப் பழங்குடியினரின் உழைப்பிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட உபரியின் ஒரு துளி, இசைஞருக்கான ஆதரவாக வடிவம் மாறி வந்தது.

இதுவரை கூறியவை விகுவேலா அரசவைக் கருவி என்னும் கருத்தை வலியுறுத்துவன போலத் தோன்றும. ஆயின் ஓர் எளிய வினாவை எழுப்புவோம். அரசவைக்கு ஏழு அச்சு நூல்கள் எதற்கு? அரண்மனையில் இசைப்பவனுக்குக் கையெழுத்துச் சுவடியும் ஆசானின் நேர்முகப் பயிற்சியுமே போதுமானவை. ஃபுவென்லானாவின் நூலுக்காகச் செவில் அச்சகத்தாருடன் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம் ஆயிரம் பிரதிகளைக் குறிப்பிடுகிறது. ஆயிரம் பிரதிகளை வாங்குவதற்கு வேண்டிய அரசவையினர் ஸ்பெயினில் இருந்திருப்பர் எனக் கொள்வதற்கில்லை. நூல்கள் சந்தைக்காகவே அச்சாயின. வணிகர், சட்டவறிஞர், பல்கலைக்கழக மாணவர், குருமார், அலுவலர் முதலிய நகர்ப்புற இடைநிலையினரே அவற்றின் வாசகர். அவுஸ்திரேலிய ஆய்வாளரான ஜோன் கிறிபித்ஸ் ஆவணங்களின் துணைகொண்டு இவ்வுண்மையை நிறுவியுள்ளார். இறுதி நூலின் ஆசிரியரான தாசா அரசவை இசைஞரல்லர், வல்லதோலித் நகரின் வசதிபடைத்த குடும்பமொன்றைச் சேர்ந்தவர் என்பதும் அவரது ஆய்வால் தெளிவாயிற்று.

நூல்களில் கையாளப்பட்ட எழுத்துமுறையும் இதற்கு இயைபானதே. ஆறு கோடுகள் ஆறு நரம்பிணைகளைக் குறிக்கும். கோட்டின் மேலுள்ள எண் எந்த மெட்டில் விரலை வைக்கவேண்டும் என்பதைக் காட்டும். சுர இலக்கணத்தைப் பல்லாண்டுகள் பயிலாத ஒருவர்கூட, எண்களைப் பின்பற்றித் தேவாலயங்களின் பல்குரலிசையைத் தன் வீட்டில் தனியொருவராக மீட்ட இயலும். ஜொஸ்கின் போன்ற பெரும் இசையாளரின் ஆக்கங்கள், அவற்றைப் பாடுவதற்குரிய பாடகர் குழுவை வைத்துப் பேணும் செல்வமில்லாதோருக்கும் இவ்வாறு கிட்டின. மிலானின் நூல் ஆசான் எனப் பெயர் பெற்றது பொருள் பொதிந்தது. நேரடி ஆசானின் இடத்தை அச்சிட்ட பண்டம் பெற்றுக்கொண்டது. உழைப்பை மறைக்கும் அவையோனின் இலட்சியமும், படிமுறையாக உழைத்துக் கற்பிக்கும் பாடநூலின் நடைமுறையும் ஒரே ஆசிரியரிடத்து முரண்பட்டு நிற்பதை நாம் காண்கிறோம்.

உள்ளடக்கத்தை ஆராயினும் இதே முரண்பாடே புலப்படும். நார்வாயெஸின் நூலிலேதான் ஒரு மெட்டை எடுத்துப் பலவாறு வேறுபடுத்தி விரிக்கும் முறை முதன்முதலாக அச்சிற் காணப்படுகிறது. அவ்வாறு விரிக்கப்பட்ட மெட்டுகளுள் ஒன்று மாடு காக்கச் சொல்லும் ஒரு நாட்டுப்பாடலினுடையது. மற்றொன்று கொந்தே கிளாரொஸ் என்னும் கதைப்பாடலினுடையது. முதார்ராவின் நூலில் விகுவேலாவுக்குரிய ஆக்கங்களுடன் நான்கு இணைகள் கொண்ட கிற்றாருக்குரியனவும் இடம்பெறுகின்றன. ஃபுவென்லானாவும் அவ்வாறே செய்தார். அவைக் கருவிக்கும் மக்கள் கருவிக்கும் இடையில் எழுப்பப்படும் மதிலை அக்கால இசைஞர் எளிதில் கடந்து சென்றனர்.

யாவற்றுக்கும் மேலாக, பெர்முதோ தரும் செய்தி ஒன்று தீர்க்கமானது. விகுவேலாவின் முதலாம், ஆறாம் இணைகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது கிற்றாரே என அவர் விளக்குகிறார். இரண்டிற்கும் இடையேயுள்ள பௌதிக வேறுபாடு இரண்டு நரம்பிணைகள் மாத்திரமே. ஒன்று மேன்மையானது, மற்றது இழிந்தது என்னும் வேறுபாடு மரத்திலோ நரம்பிலோ இல்லை; கருவியை ஏந்திய கைகளுக்கிடையே நிலவிய சமூக உறவுகளிலேயே அது உளது. பண்டத்தின் மதிப்பு அதன் இயற்கைப் பண்பெனத் தோன்றும் மயக்கத்தை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். கருவிகளின் தகுதி பற்றிய மயக்கமும் அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கதே.

4

அவ்வாறாயின் விகுவேலா ஏன் வீழ்ந்தது? அதன் வாழ்வும் ஸ்பானியப் பேரரசின் பொருளாதாரமும் ஒருங்கே செல்லக் காண்கிறோம். பொத்தோசி வெள்ளிச் சுரங்கம் 1545இல் கண்டறியப்பட்டது. வெள்ளி பெருகப் பெருக விலைவாசியும் ஏறியது. ஏர்ள் ஹமில்டனின் கணக்கீட்டின்படி (1934) நூற்றாண்டின் முடிவில் விலைகள் தொடக்கத்தில் இருந்தவற்றைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காயின. 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் அரசு தன் கடன்களைத் தீர்க்க முடியாதென அறிவித்தது. உள்நாட்டுக் கைத்தொழில் நலிந்தது. பியேர் விலார் என்னும் பிரெஞ்சு மார்க்சிய வரலாற்றாசிரியர், டொன் குவிக்சோட்டின் காலம் பற்றிய கட்டுரையில் (1956), ஸ்பானிய ஏகாதிபத்தியத்தை நிலமானியத்தின் உச்சக் கட்டமாகக் கண்டார். கொள்ளையிட்ட செல்வம் புதிய உற்பத்தி உறவுகளைத் தோற்றுவிக்கவில்லை. பழைய உறவுகளையே ஊதிப் பெருக்கியது என்பது அவரது விளக்கத்தின் சாரம்.

1575இல் அரசு முறிந்தது, 1576இல் இறுதி நூல் வெளிவந்தது என இரண்டையும் ஒட்டவைத்துக் காரணகாரியம் கண்டுவிட்டதாக மகிழ்வது பொறிமுறை மார்க்சியமாகும். பொருளாதார நெருக்கடி கருவியொன்றை நேரடியாகக் கொல்வதில்லை. அது அக்கருவியைத் தாங்கிய சமூகப் பிரிவினரின் வாழ்வையும் ஓய்வையும் கனவுகளையும் மாற்றுகிறது. அம்மாற்றத்தின் ஊடாகவே கலை மாறுகிறது. இந்த இடைநிலைக் கண்ணியைக் காட்டுவதற்கு இலக்கியமே சிறந்த சாதனமாகும்.

1554ஆம் ஆண்டு ஃபுவென்லானாவின் நூல் வெளிவந்த ஆண்டு. ஃபுவென்லானா கண்பார்வையற்றவர்; தம் நூலை இளவரசர் பிலிப்புக்குச் சமர்ப்பித்தவர். அதே ஆண்டைச் சேர்ந்தனவே லாஸரில்யோ என்னும் பெயரறியா ஆசிரியரின் நாவலுக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிப்புகள். அந்நாவலிலும் ஒரு குருடர் வருகிறார். அவர் தெருத்தெருவாகச் செபங்களை ஒப்புவித்துப் பிழைக்கும் பிச்சைக்காரர்; சிறுவனின் முதலாவது எசமானர். அடுத்து வரும் எசமானர்களுள் ஒருவர் பட்டினி கிடந்தும் கௌரவத்தைக் கைவிடாத சிறு பிரபு. கூடத்தில் இசைக்கும் குருடரும் தெருவில் ஓலமிடும் குருடரும் ஒரே சமூகத்தின் இரு முகங்களாவர். முதலாமவரின் நூல் அரச உரிமைச் சான்றுடன் வெளிவந்தது. இரண்டாமவரைப் படைத்த நாவல் 1559இல் மதவிசாரணைச் சபையினால் தடைசெய்யப்பட்டது.

அறுபது ஆண்டுகள் கழித்துச் செர்வாந்தெஸ் வரைந்த சித்திரங்கள் மாற்றத்தின் திசையைத் தெளிவாக்குகின்றன. 1613இல் வெளிவந்த அவரது பொறாமைக்காரக் கிழவர் பற்றிய கதையில், பெருவிற் பொருளீட்டித் திரும்பிய முதியவர் செவில் நகரில் தம் இளமனைவியை வீட்டினுள் பூட்டிவைக்கிறார். லொவாய்ஸா என்னும் இளைஞன் நொண்டிப் பிச்சைக்காரனாக வேடமிட்டு, நரம்புகள் சில அறுந்துபோன அழுக்கேறிய சிறு கிற்றாருடன் வாயிலில் அமர்கிறான். இசை கற்க ஏங்கும் கறுப்பு அடிமையான காவலாளனே முதலில் அவன் வசமாகிறான், பின்னர் பணிப்பெண்கள். பிச்சைக்காரன், அடிமை, பணிப்பெண் எனக் கிற்றார் சென்றடைந்த சமூகத் தளம் இக்கதையிற் புலனாகிறது. விகுவேலாவோ, முற்கூறியவாறு, கழிந்துபோன உலகில் வாழும் டொன் குவிக்சோட்டின் கைக்கு, அதுவும் அவனை எள்ளி நகையாடும் மாளிகையில், வந்து சேர்கிறது. கருவியும் நாயகனும் ஒருசேரக் காலங்கடந்தவர்களாயினர்.

இதே காலத்தில் இசை வழங்கும் களங்களும் மாறின. மட்ரிட்டில் 1579இலும் 1583இலும் திறக்கப்பட்ட பொது நாடக முற்றங்களில் எல்லா வகுப்பினரும் காசு கொடுத்து நாடகம் பார்த்தனர். அத்தகைய இரைச்சலான முற்றத்திற்கு நுணுக்கமான பல்குரலிசை பொருந்தாது. நரம்புகள் அனைத்தையும் ஒருசேர வீசி மீட்டிப் பாட்டுக்குத் துணைசெய்யும் முறையே ஏற்றதாயிற்று. 1596இல் ஹுவான் கார்லொஸ் அமாத் என்னும் வைத்தியர் பார்சலோனாவில் ஐந்திணைக் கிற்றாருக்கான சிறுநூலொன்றை வெளியிட்டார். விகுவேலா நூல்கள் பெரியவை, விலை மிக்கவை. அமாத்தின் நூலோ சிறிய கைந்நூல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது மீண்டும் மீண்டும் அச்சாயிற்று.

கொவார்ரூபியாஸின் இரங்கல் இப்பின்னணியிலேயே பொருள் கொள்ளப்படவேண்டியது. கிற்றார் மணி கட்டிய மாட்டின் ஓசைக்கு ஒப்பானது, குதிரை மேய்ப்பவனும் அதில் இசைஞனாகிவிட்டான் என்பது அவர் முறையீட்டின் கருத்து. இழிசனர் வழக்கு என்னும் தொடரை 1960களில் எமது இலக்கிய விவாதங்களிற் கேட்டவர்களுக்கு இக்குரல் புதியதன்று. குதிரை லாயத்து ஊழியன் இசைத்தல் அகராதியாசிரியருக்கு இசையின் வீழ்ச்சியாகப் பட்டது. இசையின் வரலாற்றில் அது ஒரு பெரும் சனநாயக விரிவாகும்.

எனினும் அத்துடன் நின்றுவிடுவது எளிமைப்படுத்தலாகும். கொவார்ரூபியாஸ் வர்க்கத் தப்பெண்ணத்துடன் கூறிய கூற்றில் ஓர் உண்மையும் உண்டு. எல்லாவகைப் பல்குரலிசையையும் ஒருவரே தம் கையால் விளக்கிக் காட்டும் ஆற்றல் விகுவேலாவோடு அருகியது மெய்யான இழப்பே. முதார்ராவின் கற்பனை இசையொன்று யாழின வகையைச் சேர்ந்த ஹார்ப் என்னும் கருவியின் ஓசையை விகுவேலாவிற் போலச் செய்து காட்டுவது; அதன் துணிவும் நுட்பமும் இன்றும் வியப்பை அளிக்கின்றன. அத்தகைய தேர்ச்சிக்கு நீண்ட பயிற்சியும் ஓய்வும் வேண்டும். அவ்வோய்வு சிலரது தனியுரிமையாக இருந்தமையே குற்றம், தேர்ச்சி குற்றமன்று. தனியுரிமை தகர்ந்தபோது தேர்ச்சியும் அதனோடு சிதைந்தமை, வர்க்க சமுதாயத்தில் முன்னேற்றம் எத்துணை விலை கொடுத்தே நிகழ்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டாகும். கிரேக்கக் கலை தன் சமூக அடித்தளம் மறைந்த பின்னரும் இன்பம் பயப்பது எவ்வாறு என 1857இல் மார்க்ஸ் எழுப்பிய வினா இங்கும் எதிரொலிக்கிறது.

5

விகுவேலாவின் மறுகண்டுபிடிப்பும் கருத்துநிலைகளுக்கு அப்பாற்பட்டதன்று. மன்னன் பன்னிரண்டாம் அல்போன்சோவின் செயலாளராயிருந்த மொர்பி பிரபு தொகுத்த இசையாக்கங்கள் 1902இல் லைப்சிக்கில் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய லூட் இசைஞர் எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்புடன் வெளியாயின. ஐரோப்பிய வாசகர்க்கு அறிமுகமான பெயரின் கீழ் நிறுத்தினாலன்றித் தன் மரபுக்கு மதிப்புக் கிட்டாது எனக் கருதிய ஒரு நாட்டின் மனநிலை அத்தலைப்பிற் புலப்படுகிறது. 1936இல் எமிலியோ புஹோல் பாரிஸ் அரும்பொருளகமொன்றில் பழைய விகுவேலா ஒன்றினை அடையாளங் கண்டார். அவர் பதிப்பித்த நார்வாயெஸின் நூல் 1945இல், பிராங்கோ ஆட்சியில் தொடங்கப்பட்ட ஸ்பானிய இசை நினைவுச்சின்னங்கள் வரிசையில் வெளிவந்தது. அப்பதிப்புகளின் புலமைப் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவ்வரிசையின் தொடக்கத் தொகுதிகள் கத்தோலிக்க மன்னரின் அவை, ஐந்தாம் சார்ள்ஸின் அவை என அரசவைகளின் பெயரையே முன்னிறுத்தின. பேரரசைப் பொற்காலமாகப் போற்றிய ஆட்சியொன்றுக்கு அத்தலைப்புகள் உவப்பாயிருந்தமை இயல்பே. ஆயிரம் பிரதிகளை வாங்கிய நகரமக்கள் அத்தலைப்புகளில் இடம்பெறவில்லை.

விகுவேலாவின் மற்றொரு வரலாறு கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது. இன்று எஞ்சியுள்ள மிகச் சில விகுவேலாக்களுள் ஒன்று எக்குவடோரின் கீற்றோ நகர யேசு சபைத் தேவாலயத்தில், பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த புனித மரியானாவின் உடைமையாகப் பேணப்பட்டு வருகிறது. குடியேற்றவாதிகளோடு கப்பலேறிய கருவி அது. மெக்சிக்கோவின் மரியாச்சிக் குழுக்களில் ஐந்து நரம்புகளுடன் தாளக்கட்டாக வீசி மீட்டப்படும் சிறு கருவிக்கும் விகுவேலா என்றே பெயர். 1872இல் ஹொசே எர்நாந்தெஸ் எழுதிய மார்த்தின் ஃபியேரோ என்னும் ஆர்ஜென்டீனக் காவியத்தில், நிலத்தையும் குடும்பத்தையும் இழந்து படைக்குப் பலவந்தமாக ஆட்சேர்க்கப்பட்ட கௌச்சோ, தன் துயரைப் பாடத் தொடங்குகையில் மீட்டும் கருவியின் பெயரும் விகுவேலாவே. உண்மையில் அது கிற்றாராகும். ஓர்ஃபியூஸின் கையில் மிலான் வைத்த பெயர், மூன்று நூற்றாண்டுகளின் பின் உடைமையிழந்தவனின் கைக்கு வந்துவிட்டது.

கலைமரபு பற்றிய விவாதங்களில் முற்போக்காளர் இருவகைத் தவறுகளுக்கு ஆளாக நேரிடலாம். மேட்டுக்குடியினரின் பேணுகையில் வளர்ந்தது என்னும் காரணத்தால் ஒரு கலையை முற்றாகப் புறந்தள்ளுதல் ஒன்று. அதன் அழகில் மயங்கி, அவ்வழகுக்கு விலை கொடுத்தோரை மறத்தல் மற்றொன்று. பொத்தோசிச் சுரங்கத்தில் மாண்டவர்களையும் சாம்பிரா ஆடத் தடுக்கப்பட்டவர்களையும் நினைவிற்கொண்டே நார்வாயெஸைக் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்பதால் இசையின் சுவை குன்றுவதில்லை. மாடு காக்கச் சொல்லும் பெயரறியாப் பாடகரின் மெட்டு அவ்விசையின் அடித்தளத்தில் ஒலித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் நாம் தெளிவாகக் கேட்கிறோம். எந்தக் கலையின் உரிமையாளர் யார் என்னும் வினா, அக்கலையை ஆக்குவதில் யார் யார் பங்குகொண்டனர் என்னும் ஆராய்ச்சியின் மூலமே தீர்க்கப்படல் வேண்டும். இந்நோக்கில் இசைக்கருவிகளின் வரலாறு மேலும் விரிவாக ஆராயப்படுதல் விரும்பத்தக்கது.